வேகத்திற்கு எழுதிய தண்டச்சீட்டும் தோட்டத்துச் சாரதியின் சம்பளமும்

(பிராந்தியத் தோட்டத் தலைவர்கள், மாதர் அணித் தலைவிகள், சாரதிகள் கலந்துகொண்ட கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

நம்முடைய கூட்டங்களில் நாட்சம்பளம், கொழுந்து நிறை, லயத்துக் கூரை, காணி என்றுதான் அதிகம் பேசுகிறோம். கொழுந்து லொறி ஓட்டுகிறவர், டிரக்டர் ஓட்டுகிறவர், துரையின் ஜீப் ஓட்டுகிறவர், தோட்டத்து அம்பியூலன்ஸ் ஓட்டுகிறவர் ஆகியோரின் பிரச்சினைக்கு நேரம் ஒதுக்குவது குறைவு. ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்க, சாரதிகள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் சந்தா எல்லோரும்தான் கட்டுகிறார்கள். அதனால் இன்றைய நேரத்தை அவர்களுக்காக எடுத்துக்கொள்கிறோம்.

அண்மைக் காலத்தில் மாவட்டக் காரியாலயத்திற்கு வரும் சாரதிகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "தோட்டத்து வாகனத்தை, தோட்டத்து வேலைக்காக ஓட்டும்போது, வேகம் கூடியது என்று பொலிஸ் தண்டச்சீட்டு எழுதினால் அந்தக் காசை யார் கட்டுவது? நானா, தோட்டமா?" சின்னக் கேள்வி போலத் தெரிந்தாலும் ஒருவருடைய வேலையே போகும் அளவுக்கு இது வளரக்கூடியது. அப்படி நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் இங்கே தேவையில்லை.

அந்தத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஒரு நாளைக்கு மூன்று தடவை பெக்டரிக்கு ஓட வேண்டும். ஒரு நாள் பகல் நிறுவை அரை மணித்தியாலத்திற்கு மேல் பிந்திவிட்டது. தராசில் தகராறு, பெண்கள் சத்தம் போட்டார்கள், கணக்கப்பிள்ளை திரும்ப நிறுத்தார். பெக்டரியிலிருந்து டீ மேக்கர் போன் எடுத்து, கொழுந்து இன்னும் வரவில்லையே என்று ஏசினார். லொறி புறப்பட்டபோது சாரதியிடம் "விட்ட நேரத்தைப் பிடி" என்று சொல்லி அனுப்பினார்கள். டவுனுக்கு முந்திய வளைவில் பொலிஸார் வேகம் அளக்கும் கருவியோடு நின்றார்கள். தண்டச்சீட்டு எழுதி, சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

அவர் சீட்டைக் கொண்டுபோய் தோட்டத்துக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கரிடம் கொடுத்தார். "வைத்துவிட்டுப் போ, பார்ப்போம்" என்று பதில் வந்தது. தோட்டம் கட்டிவிடும் என்று அவர் நினைத்தார். யாரும் கட்டவில்லை. 14 நாள் போனது, தண்டம் இரட்டித்தது. 28 நாளும் போனது, விஷயம் நீதவான் நீதிமன்றத்திற்குப் போனது. அதுவரைக்கும் கையில் லைசன் இல்லாமலே லொறி ஓட்டினார். ஓட்டச் சொன்னதும் தோட்டம்தான். நீதிமன்றத்துக் கடிதம் வந்தவுடன் "லைசன் இல்லாத ஆளுக்கு லொறி தர முடியாது" என்று மலைக்குப் புல்வெட்ட அனுப்பினார்கள். அந்த மாதச் சம்பளத்துண்டைப் பார்த்தால் "ஏனைய கழிவு" என்று ஒரு தொகை வெட்டப்பட்டிருந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, தோட்டத்தின் பெயரைக் கெடுத்ததற்கான தண்டம் என்றார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை.

தோழர்களே, இந்த ஒரு சம்பவத்தில் நாலு விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, சட்டம். நம் நாட்டில் வீதியில் ஓடும் வாகனங்களுக்கு 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம்தான் அடிப்படை. அதன்படி வேகத்திற்கான குற்றம் வாகனத்தை ஓட்டியவரைச் சேரும். லொறி யாருடையது, யார் அவசரப்படுத்தினார்கள் என்று வீதியில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தர் விசாரிப்பதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் யார் என்பதைத்தான் பார்ப்பார். துரை சொன்னார், டீ மேக்கர் சொன்னார் என்பது அங்கே செல்லாது. ஆகவே வேகத்திற்கு எழுதிய சீட்டை "தோட்டம்தான் கட்ட வேண்டும், சட்டம் அப்படி" என்று சங்கம் சொன்னால் அது பொய்யாகிவிடும். அங்கத்தவர்களுக்குப் பிடிக்கும் என்பதற்காக நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம்.

ஆனால் எல்லாச் சீட்டும் வேகத்திற்கு எழுதிய சீட்டு அல்ல. டயர் தேய்ந்துபோனதற்கு, பின்பக்க லைட் எரியாததற்கு, வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்காததற்கு, அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதற்கு என்றும் சீட்டு எழுதுகிறார்கள். பொலிஸார் அந்தச் சீட்டையும் சாரதியின் கையில்தான் கொடுப்பார்கள். ஆனால் டயர் வாங்குவது சாரதியின் வேலையா? வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பது அவருடைய பொறுப்பா? அந்தக் குறைகள் வாகனச் சொந்தக்காரருடைய குறைகள். அவற்றுக்கான காசை நிர்வாகமே ஏற்க வேண்டும் என்பது நமது சங்கத்தின் நிலைப்பாடு. இந்த வித்தியாசத்தைத் தோட்டத் தலைவர்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். சீட்டைக் கையில் வாங்கியதும் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால், எந்தக் குற்றத்திற்கு எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டாவது, நாட்கணக்கு. இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். சீட்டு எழுதிய நாளிலிருந்து 14 நாளுக்குள் காசைக் கட்ட வேண்டும். அந்த 14 நாளும் அந்தச் சீட்டே தற்காலிக லைசனாக இருக்கும். 14 நாள் தாண்டினால் தொகை இரட்டிக்கும். 28 நாள் தாண்டினால் நீதிமன்றம். காசைக் கட்டியதைக் காட்டித்தான் லைசனைத் திரும்ப வாங்க முடியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்டம் 3000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால் அது இரண்டு நாள் உழைப்புக்கும் மேல். இரட்டித்தால் நாலு நாள் உழைப்பும் போதாது. நீதிமன்றம் என்றால் அதற்கு மேலே பஸ் காசு, ஒரு நாள் வேலை இழப்பு, சிலவேளை சட்டத்தரணியின் காசு. வீட்டில் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு வைத்த காசுதான் அதற்குப் போகிறது.

எனவே காசு தோட்டம் தருமா, நாம் போடுவதா என்று வாக்குவாதம் முடியும் வரைக்கும் சீட்டை மேசையில் கிடக்க விடாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இருந்தால் முதலில் 14 நாளுக்குள் கட்டி லைசனை எடுத்துவிடுங்கள். வழக்கைப் பிறகு பேசலாம். நீங்கள் அந்த வேகத்தில் ஓடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் கட்டாமல் நீதிமன்றத்தில் நின்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த முடிவையும் 14 நாளுக்குள் சங்கத்தோடு கதைத்து எடுங்கள். மறதியில் நீதிமன்றத்திற்குப் போகக் கூடாது. 14 நாள் முடிந்தும் லைசன் கையில் இல்லையென்றால் யார் சொன்னாலும் வாகனத்தைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு விபத்து நடந்துவிட்டால் காப்புறுதியும் பிரச்சினையாகும், உங்கள் வாழ்க்கையும் பிரச்சினையாகும்.

வீதியிலேயே ஏதாவது கொடுத்து முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது இலஞ்சம். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். யாராவது கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்திற்கு அழைக்கலாம். வாக்குமூலம் கொடுக்க வேண்டி வந்தால் தமிழில் கொடுக்கலாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எந்தக் கடதாசியிலும், பொலிஸில் என்றாலும் தோட்டத்துக் காரியாலயத்தில் என்றாலும், கேட்டு விளங்கிக்கொள்ளாமல் கையொப்பம் போட வேண்டாம்.

மூன்றாவது, சம்பளத்தில் கைவைப்பது. தோட்டத்தில் சம்பளக் கழிவு என்பது நமக்குப் புதிய கதை அல்ல. நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனைத் துண்டில் எழுதி, அந்தக் கடனைக் கட்டும் துரையிடம் ஆளையே கைமாற்றுவார்கள். அரிசிக்கும் கம்பளிக்கும் வெட்டியதுபோக மிச்சத்தைத்தான் சம்பளம் என்று கொடுத்தார்கள். 1921ஆம் ஆண்டில் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். அதன் பிறகு 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர வேறெதையும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து வெட்டக் கூடாது என்று அது சொல்கிறது. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம் வெட்டுவது சட்டப்படியானது. "தோட்டத்தின் பெயரைக் கெடுத்த தண்டம்" என்று துரையே ஒரு தொகையைத் தீர்மானித்து வெட்டுவது அப்படியானது அல்ல.

பொலிஸ் தண்டத்தை அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியவர் சாரதி. அதை வசூலிக்கும் வேலையை யாரும் தோட்டத்துக்குக் கொடுக்கவில்லை. தோட்டம் முற்பணமாகக் கொடுத்து உதவினால் அது நல்லது. அப்போதும் எவ்வளவு, எத்தனை மாதத்தில் திருப்புவது என்று எழுத்தில் இருக்க வேண்டும், தொழிலாளியின் எழுத்துமூல சம்மதம் இருக்க வேண்டும், சம்பளத்துண்டில் அதன் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். "ஏனைய கழிவு" என்ற சொல்லைக் கண்டால் தோட்டத் தலைவர் அன்றைக்கே காரியாலயத்திற்குப் போய் விளக்கம் கேட்க வேண்டும்.

நாம் சொன்ன சம்பவத்தில் சங்கம் முதலில் துரையோடு பேசியது. சரிவரவில்லை. பிறகு தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்தோம். சம்பளத்துண்டுதான் நமக்கு ஆதாரமாக இருந்தது. வெட்டிய தொகை திரும்பக் கிடைத்தது. நீதிமன்றம் போட்ட தண்டத்தை அந்தத் தோழர் தானே கட்டினார், லைசனை எடுத்தார், மறுபடியும் லொறியில் ஏறினார். பகுதி நமக்கு வெற்றி, பகுதி அவருக்குச் செலவு. முதல் வாரத்திலேயே சங்கத்திடம் வந்திருந்தால் அந்தச் செலவு பாதிக்கும் குறைவாக இருந்திருக்கும்.

சிலவேளை கழிவோடு விடாமல் வேலையை விட்டே நிறுத்துவார்கள். அப்படி நடந்தால் வேலை நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்திற்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அங்கே தொழிலாளிக்காகச் சங்கப் பிரதிநிதி ஆஜராகலாம். துரை மனம் மாறுவார் என்று காத்திருந்து ஆறு மாதத்தையும் கடத்திவிட்டு வந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாமல் போய்விடும்.

நாலாவது, வேகம். இதைப் பேசாமல் மற்ற மூன்றையும் பேசிவிட்டுப் போவது நியாயமாகாது.

சாரதித் தோழர்களே, நம்முடைய வீதிகளை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். கினிகத்தேனைக்கு ஏறும் வீதி, ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வீதி, நானுஓயாவிலிருந்து றதெல்லைக்கு இறங்கும் வீதி. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் பனிமூட்டம். 2025 மே மாதத்தில் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கவில்லை. மலை வீதி மன்னிக்காது.

ஊர்ப்பகுதிக்குள் காருக்கே மணிக்கு 50 கிலோமீற்றர்தான் உச்ச வேகம். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வாகனம் ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடிவிடும். 60 என்றால் கிட்டத்தட்ட 17 மீற்றர். பிள்ளை வீதியில் குதித்ததைக் கண்டு கால் பிரேக்கில் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் முடிந்துவிடும். அதன் பிறகுதான் பிரேக் பிடிக்கவே தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். ஈரமான வீதி, பாரமான கொழுந்து, இறக்கம் என்றால் இன்னும் கூடும். டீசல் மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரலில் இறக்குவது தற்கொலைக்குச் சமம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய சாரதிமார் சொன்னது சும்மா இல்லை.

இவ்வளவு ஆபத்துக்கும் கிடைப்பது என்ன? மலையிலிருந்து பெக்டரிக்கு 12 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றரில் போனால் 24 நிமிடம். 40இல் போனால் 18 நிமிடம். மிச்சம் 6 நிமிடம். நிறுவையில் போன அரை மணித்தியாலத்தை வீதியில் பிடிக்கவே முடியாது. அதைப் பிடிக்கச் சொல்கிறவரும் லொறியில் உட்கார்ந்திருப்பதில்லை. சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்திருப்பது நம்முடைய பெண்கள். சாரதித் தோழர்களே, நீங்கள் ஏற்றிப்போவது உங்கள் அக்காமாரையும் சித்திமாரையும் என்பதை நினைத்து ஓட்டுங்கள்.

கொழுந்து சாக்கில் நெரிந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், தேயிலையின் தரம் கெட்டுவிடும் என்பது உண்மை. அது டீ மேக்கரின் கவலை, நியாயமான கவலையும்கூட. அதற்கு மருந்து நேரத்தோடு நிறுப்பதும், தராசைச் சரியாக வைத்திருப்பதும், தேவையான லொறிகளை ஓடும் நிலையில் வைத்திருப்பதும்தான். மூன்று லொறி ஓட வேண்டிய தோட்டத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு, மிச்ச இரண்டின் வேலையையும் ஒரு சாரதியின் கால் பெடலில் ஏற்றுவது மருந்தாகாது.

ஆகவே இனிவரும் பேச்சுவார்த்தைகளில் ஒவ்வொரு தோட்டத்திலும் சங்கம் இவற்றை முன்வைக்கும்.

ஒன்று, லொறியின் ரன்னிங் சார்ட்டில் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரத்தோடு, நிறுவை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் எழுதப்பட வேண்டும். அதில் சாரதியும் கணக்கப்பிள்ளையும் கையொப்பமிட வேண்டும். பிந்தியது எங்கே என்று அப்போது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு, வாகனக் குறைபாட்டுக்கான தண்டத்தை நிர்வாகம் ஏற்க வேண்டும். சாரதி எழுத்தில் கொடுத்த குறையைத் திருத்தும் வரை அந்த வாகனத்தை ஓட்டச் சொல்லக் கூடாது.

மூன்று, வேகத்திற்கு வந்த சீட்டுக்குச் சாரதி கேட்டால் எழுத்துமூல முற்பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் இல்லாத கழிவு எதுவும் கூடாது.

நாலு, தண்டச்சீட்டை மட்டும் காரணமாகக் காட்டி, விசாரணை இல்லாமல் சாரதியை வேறு வேலைக்கு மாற்றக் கூடாது.

ரன்னிங் சார்ட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கொழும்பில் 2024 தொடக்கத்திலிருந்து கமராவில் பிடித்து, வாகன இலக்கத்தை வைத்துச் சொந்தக்காரருக்கு அறிவித்தல் அனுப்புகிறார்கள். அப்போது அந்த நேரத்தில் ஓட்டியவர் யார் என்று கம்பனிதான் சொல்ல வேண்டும். நம்முடைய பிள்ளைகள் எத்தனையோ பேர் கொழும்பில் கம்பனி வேன் ஓட்டுகிறார்கள், பொருட்கள் விநியோகிக்கிறார்கள். ஒரே வேனை மூன்று பேர் மாறி மாறி ஓட்டும்போது, ஏதாவது ஒரு பெயரைக் கொடுத்துவிடுவது சுலபம். வாகனத்தை எடுத்த நேரத்தையும் ஒப்படைத்த நேரத்தையும் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஊரிலிருக்கும் தாய் தகப்பன்மார் அவர்களுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவர்களின் சம்பளத்திலும் முதலாளி நினைத்தபடி வெட்ட முடியாது என்பதையும் சொல்லுங்கள்.

தோட்டத் தலைவர்களுக்கு ஒரு வேலை கொடுத்து முடிக்கிறோம். அடுத்த சம்பள நாளுக்கு முன்னால் உங்கள் தோட்டத்துச் சாரதிகள் எல்லோரையும் ஒரு முறை சந்தியுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். கட்டாத சீட்டு ஏதாவது கையில் இருக்கிறதா? லைசன் கையில் இருக்கிறதா? கடந்த மூன்று மாதச் சம்பளத்துண்டில் விளங்காத கழிவு ஏதாவது இருக்கிறதா? பதில்களை எழுதி, சீட்டினதும் சம்பளத்துண்டினதும் போட்டோப் பிரதியோடு மாவட்டக் காரியாலயத்திற்கு அனுப்புங்கள். 14 நாள் முடியாத சீட்டு இருந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், போன் எடுங்கள். மிச்சத்தைச் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.